மேலே திறக்கிறது, கீழே திறக்கவில்லை

பெங்களூரில் அல்சூர் ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கீழே நானும் மனைவியும், முதல் மாடியில் மகனும் மருமகளும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே எங்கள் சமையலறை பட்டறையாக மாறிவிடும். மனைவி அதிரசம், முள்ளு முறுக்கு, ரவா லாடு செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுப்பாள். ஆர்டர் எல்லாம் மருமகளின் போனுக்கு வரும். அதை நோட்டில் எழுதிப் படியிறங்கி வந்து சொல்வதற்குள் இரண்டு கிலோ பன்னிரண்டு கிலோ ஆகி, ஒரு வருடம் வீட்டில் பெரிய ரகளை. அதனால் மருமகள் ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப்பில் ஸாம்ப் என்ற மென்பொருளைப் போட்டு, அதிலுள்ள அப்பாச்சியில் (கேட்பவர்களுக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் சர்வர் அது) சின்னதாக ஒரு ஆர்டர் பக்கம் செய்துவைத்தாள். கீழே பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட். அவள் அங்கே ஆர்டரைச் சேர்த்தால் இங்கே தெரியும். ஒரு வருடம் நன்றாகத்தான் ஓடியது.

இந்த முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்லெட்டில் பக்கம் வரவில்லை. மேலே மருமகளின் போனில் பளிச்சென்று வருகிறது. “மாமா, சர்வர் நல்லாத்தான் இருக்கு, உங்க டேப்லெட்தான் பழசு” என்றாள். மகன் இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கு போன் போட்டான். அந்தப் பக்கத்தில் இருந்தவர் எதைக் கேட்டாலும் “ரீஸ்டார்ட் மாடி சார்” என்றார். கன்னடம் தெரியாதவர்களுக்கு: ‘மாடி’ என்றால் ‘செய்யுங்கள்’. கடைசியில் கோளாறு எங்கள் மாடியில்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

நான் ஐ.டி.ஐ.யில், அதாவது இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தூரவாணி நகரில் 1948-ல் தொடங்கிய டெலிபோன் ஃபேக்டரி. எக்ஸ்சேஞ்ச் நிறுவித் தரும் பிரிவில் பல ஊர் சுற்றியிருக்கிறேன். போன் வேலை செய்யவில்லை என்றால் அங்கே முதலில் போகும் இடம் எம்.டி.எஃப். ஊரிலிருந்து வரும் கேபிளும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் வயரும் சந்திக்கிற இரும்புச் சட்டம் அது. அங்கே இணைப்பைப் பிரித்து இரண்டு பக்கமும் சோதித்தால், கோளாறு உள்ளேயா வெளியேயா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பாதி ஊரைத் தோண்டவேண்டியதில்லை. வீட்டு நெட்வொர்க்கிலும் நான் செய்தது அதேதான்.

முதலில் ஒரு வேண்டுகோள். எடுத்த எடுப்பில் ரௌட்டரை அணைத்துப் போடாதீர்கள். அணைத்துப் போட்டால் கருவிகளின் முகவரி மாறக்கூடும், கையில் இருந்த தடயம் போய்விடும். சரியாகிவிட்டாலும் ஏன் சரியானது என்று தெரியாது, அடுத்த வாரம் மறுபடியும் வரும்.

அதற்குப் பதில் ஒரு காகிதம் எடுங்கள். சர்வர், அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கருவி, பக்கம் திறக்காத கருவி ஆகிய மூன்றின் ஐபி முகவரியையும், அதாவது நெட்வொர்க்கில் அவற்றுக்குக் கிடைத்த எண்ணையும், எழுதுங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் போதும். போனிலும் டேப்லெட்டிலும் வைஃபை பெயரைத் தொட்டால் விவரத்தில் இருக்கும். எங்கள் வீட்டுக் காகிதத்தில் இப்படி இருந்தது: லேப்டாப் 192.168.0.105, மருமகள் போன் 192.168.0.102, டேப்லெட் 192.168.1.23. தெரிந்தவர்களுக்கு இதிலேயே விடை தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்கு உடனே உறைக்கவில்லை. டேப்லெட்டில் போன வருடம் சேமித்துவைத்த முகவரி 192.168.1.40. “ஓ, முகவரி மாறிவிட்டது, அவ்வளவுதானே” என்று புதிய முகவரியை டேப்லெட்டில் அடித்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பக்கம் வராதபோது பிரவுசர் என்ன சொல்கிறது என்பதைப் பலரும் படிப்பதில்லை. எல்லாம் ஒரே பிழை மாதிரி தோன்றும், ஆனால் இரண்டு வகை உண்டு. இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், அநேகமாக அந்த முகவரியில் ஓர் இயந்திரம் இருக்கிறது, உங்கள் கோரிக்கை அங்கே போய்ச் சேர்ந்தது, நீங்கள் தட்டிய கதவுக்குப் பின்னால்தான் ஆள் இல்லை. அப்பாச்சி ஓடவில்லை, அல்லது போர்ட் எண், அதாவது கதவு எண், தப்பு. நீண்ட நேரம் சுற்றிவிட்டு பதில் வரவில்லை என்று வந்தால், கோரிக்கை எங்கேயோ தொலைந்துவிட்டது. போனில் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று குரல் வருவதற்கும், எண்ணைச் சுழற்றி முடித்தும் காதில் ஒன்றுமே கேட்காமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். குரல் வந்தால் லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் ஃபயர்வால், அதாவது தேவையில்லாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்காரன், அந்த மறுப்பைக்கூட வெளியே விடாமல் விழுங்கிவிடும். ஆகவே சர்வர் விண்டோஸாக இருந்தால் மௌனத்துக்கு ஃபயர்வாலும் ஒரு காரணம்.

இனி எம்.டி.எஃப். வேலை. சர்வருக்கு மிக அருகில் தொடங்கி ஒவ்வொரு அடியாக வெளியே வாருங்கள்.

முதல் அடி, சர்வர் இருக்கும் லேப்டாப்பிலேயே பிரவுசரைத் திறந்து லோக்கல்ஹோஸ்ட் (‘இதே கணினி’ என்று அர்த்தம்) என்று அடிப்பது. இங்கேயே வரவில்லை என்றால் நெட்வொர்க்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஸாம்ப் பலகையில் அப்பாச்சி பச்சையாக இருக்கிறதா பாருங்கள். வந்தால், அதே லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்டுக்குப் பதில் அதன் சொந்த ஐபியை அடியுங்கள். இந்த இரண்டாவது சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால், சர்வர் 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. நெட்ஸ்டாட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, கழித்தல் குறி போட்டு ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்தால் எந்தப் போர்ட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். வலைப்பக்கத்துக்கான போர்ட் 80. அந்த 80-க்கு முன்னால் 0.0.0.0 என்று இருந்தால் எல்லாப் பக்கமும் காது திறந்திருக்கிறது. 127.0.0.1 என்றால் தனக்குத் தானே பேசிக்கொள்கிறது. அப்பாச்சி வழக்கமாக முதல் வகை. சொந்தமாக நிரல் எழுதிப் பார்க்கும் பிள்ளைகளின் சோதனை சர்வர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அவற்றைத் தொடங்கும்போதே ஹோஸ்ட் என்ற இடத்தில் 0.0.0.0 கொடுக்கவேண்டும்.

எங்கள் லேப்டாப்பில் இரண்டும் வந்தது. மருமகளின் போனிலும் வந்தது. கீழே வரவில்லை. அப்படியானால் கோளாறு மாடிப்படியில் இருக்கிறது.

மேலேயிருந்த லேப்டாப்பிலிருந்து கீழே இருக்கும் ரௌட்டருக்கு, அதாவது 192.168.1.1-க்கு, பிங் கொடுத்தேன். ‘இருக்கிறாயா’ என்று நான்கு முறை கேட்டுப் பார்க்கும் கட்டளை அது. நான்கும் பதில் வந்தது. கீழே என் மேசைக் கணினியிலிருந்து லேப்டாப்புக்கு பிங் கொடுத்தேன். நான்கும் போனது போனதுதான். மேலேயிருந்து கீழே வருகிறது, கீழேயிருந்து மேலே போகவில்லை! தண்ணீர்க் குழாய் மாதிரி. இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், காப்பி வந்தது.

அப்புறம் கீழேயிருந்தே லேப்டாப்புக்கு ட்ரேசர்ட் கொடுத்தேன். கோரிக்கை எந்தெந்தக் கை மாறிப் போகிறது என்று வரிசையாகக் காட்டும் கட்டளை. முதல் வரி 192.168.1.1, எங்கள் கீழ்த்தள ரௌட்டர். இரண்டாவது வரியில் 100.64 என்று தொடங்கும் ஒரு முகவரி, அதற்குப் பின் வெறும் நட்சத்திரங்கள். அந்த 100.64 எங்கள் வீட்டு எண்ணே இல்லை, இணைப்பு கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் பக்கம் வைத்துக்கொள்ளும் வரிசை. ஆக, பதினெட்டுப் படி ஏறி முதல் மாடிக்குப் போகவேண்டிய அதிரச விசாரணை, வாசல் தாண்டித் தெருக் கம்பத்துக்குப் போய் அங்கே செத்திருக்கிறது.

மேலே போய் மகனைக் கேட்டேன். “ஏம்ப்பா, மேலே புதுசா ஏதாவது மாட்டினியா?” இரண்டு மாதத்துக்கு முன் மாடியில் வைஃபை சரியாக எட்டவில்லை என்று தனியாக ஒரு ரௌட்டர் வாங்கி, கீழேயிருந்து கேபிள் இழுத்து மாட்டியிருக்கிறான். லேப்டாப்பையும் மேலே கொண்டுபோய்விட்டார்கள். “நெட் நல்லா வருதேப்பா” என்றான். வரும். சிக்கலே அங்கேதான்.

ஆபீஸ்களில் பி.ஏ.பி.எக்ஸ்., அதாவது ஆபீஸுக்கென்றே ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச், இருந்த காலம் நினைவிருக்கிறதா? உள்ளே இருப்பவர்களுக்கு 21, 22 என்று எக்ஸ்டென்ஷன். சைபரைச் சுழற்றி வெளியே யாருக்கும் பேசலாம். ஆனால் ஊரிலிருந்து ஒருவர் நேராக 21-ஐக் கூப்பிட முடியாது, பொது எண்ணுக்கு வந்து ஆபரேட்டரிடம் கேட்கவேண்டும். ஒவ்வொரு ரௌட்டரும் ஒரு பி.ஏ.பி.எக்ஸ். 192.168 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் எக்ஸ்டென்ஷன். 1996-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்ற விதிப்படி இந்த எண்களை யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியுலகுக்கு இவை இல்லாதவை. என் மகன் ஒரு பி.ஏ.பி.எக்ஸ்.ஸுக்குள் இன்னொரு பி.ஏ.பி.எக்ஸ். வைத்துவிட்டான். மாடியில் இருப்பவர்கள் கீழேயும் பேசலாம், ஊரோடும் பேசலாம். கீழே இருப்பவர்களுக்கு மாடி எக்ஸ்டென்ஷன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வீட்டில் சர்வர் இல்லாதவர்களுக்கு இதனால் ஒரு தொல்லையும் தெரியாது. வருடக்கணக்கில் அப்படியே இருக்கலாம்.

உங்கள் வீட்டில் இது இருக்கிறதா என்று பார்க்க காகிதம் போதும். சாதாரண வீட்டு ரௌட்டர்களில் முகவரியின் முதல் மூன்று எண்கள் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இருக்கவேண்டும். 192.168.0 ஒரு பக்கம், 192.168.1 இன்னொரு பக்கம் என்றால் உள்ளே இரண்டு நெட்வொர்க். இரண்டு ரௌட்டரும் உள்பக்கம் 192.168.1 என்றே கொடுத்துக்கொண்டிருந்தால் காகிதம்கூட ஏமாற்றும். அப்போது கேட்வே என்று காட்டும் ரௌட்டரின் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, வருவது எந்த ரௌட்டர் என்று கண்ணால் பார்க்கவேண்டும்.

தீர்வு, இரண்டாவது ரௌட்டரை ரௌட்டர் வேலையிலிருந்து விடுவிப்பது. பல ரௌட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் என்று ஒரு முறை இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் அது வெறும் வைஃபை கம்பமாகிவிடும், எண் கொடுக்கும் வேலை முழுவதும் கீழே இருப்பதற்குப் போய்விடும். அந்த வசதி இல்லாத பழைய ரௌட்டர் என்றால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் மேல் ரௌட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழ் ரௌட்டர் எண் கொடுக்கும் வரிசையில் அந்த 2 வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து மேல் ரௌட்டரின் டிஎச்சிபியை, அதாவது எண் கொடுக்கும் வேலையை, அணையுங்கள். கடைசியில் கீழேயிருந்து வரும் கேபிளை, தனி நிறத்தில் இருக்கும் ‘வான்’ என்ற வெளி இணைப்புத் துளையிலிருந்து பிடுங்கி, ‘லான்’ என்ற உள் இணைப்புத் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். டிஎச்சிபியை அணைக்காமல் கேபிளை மாற்றினால் வீட்டில் இரண்டு பேர் டோக்கன் கொடுக்கத் தொடங்குவார்கள், யாருக்கு எது கிடைக்கும் என்று சொல்லமுடியாது.

மகன் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினான். எல்லாக் கருவியையும் வைஃபையில் ஒருமுறை துண்டித்துச் சேர்த்தோம். லேப்டாப்புக்கு 192.168.1.37 வந்தது. நான் வெற்றிக் களிப்போடு சமையலறைக்குப் போய் டேப்லெட்டில் அடித்தேன். மறுபடியும் வட்டம். போதாதகுறைக்கு மேலேயிருந்து சத்தம்: “மாமா, இப்ப என் போன்லயும் வரல!”

ஐந்து நிமிடம் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. மனைவி பாகு பதம் பார்க்கிற மும்முரத்தில் இருப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

மறுபடியும் எம்.டி.எஃப். லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட் வருகிறது, சொந்த முகவரியும் வருகிறது. கீழேயிருந்து பிங் போகவில்லை. ஆனால் விண்டோஸ் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சகஜம், அதை வைத்து ஆள் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. பிங் கொடுத்த கையோடு, ஏஆர்பி என்று அடித்து, இடம் விட்டுக் கழித்தல் குறியோடு ஏ சேர்த்துக் கொடுத்தேன். பக்கத்துக் கருவிகளின் பட்டியலைக் காட்டும் கட்டளை அது. 192.168.1.37-க்கு எதிரே பன்னிரண்டு எழுத்து மேக் முகவரி, அதாவது அந்தக் கருவியின் அடையாள எண், இருந்தது. ஆள் வீட்டில் இருக்கிறான், கதவைத்தான் திறக்கவில்லை. அதாவது ஃபயர்வால்.

நடந்தது இது. கேட்வே மாறியதும் விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, பப்ளிக் என்ற வகையில் போட்டுவிட்டது. ரயில் நிலைய வைஃபையை நடத்துவதுபோல் எங்கள் வீட்டை நடத்துகிறது. முதன்முதலில் அப்பாச்சியை ஓட்டியபோது வந்த அனுமதிப் பெட்டியில் மருமகள் பிரைவேட்டுக்கு மட்டும் டிக் போட்டிருந்தாள். அது சரியான காரியம்தான். அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், சேர்ந்திருக்கும் இணைப்பைத் தொட்டு, வகையை பிரைவேட் என்று மாற்றியதும் மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் பக்கம் வந்தது. சிலர் இந்த இடத்தில் ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடுவார்கள். சோதனைக்கு அரை நிமிடம் அணைத்துப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் மறந்துவிடுவீர்கள். நான் மறந்திருக்கிறேன்.

டேப்லெட்டில் பட்டியல் வந்தது. ஒரு ஆர்டருக்கு எதிரே ‘முடிந்தது’ என்று தொட்டாள் மனைவி. பிழை. இது வேறு வகை, நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லை. மருமகள் அந்த வாரம் புதிதாகச் சேர்த்த பொத்தான் அது, அது போகும் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருந்தாள். லேப்டாப்பில் சோதித்தபோது வேலை செய்திருக்கிறது. டேப்லெட்டில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் டேப்லெட்தான். ‘எங்கள் வீடு’ என்று மட்டும் முகவரி எழுதிய கடிதத்தை யார் படித்தாலும் அவரவர் வீட்டுக்குத்தானே கொண்டுபோவார்கள்! பக்கம் வந்து படம் வராவிட்டாலும், பொத்தான் வேலை செய்யாவிட்டாலும் முதலில் இதைத் தேடுங்கள். முகவரியே இல்லாமல் வெறும் கோப்புப் பெயரை எழுதினால் எங்கிருந்தும் வேலை செய்யும்.

எங்கள் வீட்டில் வராத, ஆனால் தெரிந்தவர்கள் வீட்டில் பார்த்த சில கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன். கெஸ்ட் வைஃபையில் சேர்ந்த கருவிக்கு இன்டர்நெட் வரும், வீட்டுக்குள் எதுவும் தெரியாது, அது அதற்காகவே செய்யப்பட்டது. முகவரி 169.254 என்று தொடங்கினால் அந்தக் கருவிக்கு யாரும் எண்ணே கொடுக்கவில்லை, கேபிளையோ டிஎச்சிபியையோ பாருங்கள். போனில் விபிஎன் ஓடினால் அணைத்துப் பாருங்கள், மொபைல் டேட்டாவையும் அணைத்துப் பாருங்கள். இப்போதைய சில பிரவுசர்கள் தாமாகவே எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறி 80-க்குப் பதில் 443 என்ற போர்ட்டில் போய் முட்டலாம், ஆகவே முன்னால் எச்டிடிபி என்பதை முழுதாக அடிக்கவேண்டும். லேப்டாப்பின் மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும், பவர் அமைப்பில் மூடியைச் சாத்தினால் ஒன்றும் செய்யாதே என்று மாற்றிவையுங்கள்.

கடைசி வேலை, முகவரியை நிலையாக்குவது. 37 இன்றைக்கு வந்தது, கரன்ட் போய் வந்தால் வேறாகலாம். கீழ் ரௌட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் ரிசர்வேஷன் என்ற இடத்தில் லேப்டாப்பின் மேக் முகவரியைக் கொடுத்து, எதிரே 192.168.1.50 என்று எழுதினோம். லேப்டாப்புக்கு கேபிள் ஒரு மேக், வைஃபை ஒரு மேக் என்று இரண்டு உண்டு. எதில் சேர்த்திருக்கிறீர்களோ அதைக் கொடுங்கள். விண்டோஸ் வைஃபை அமைப்பில் ரேண்டம் முகவரி என்று இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரௌட்டருக்கு ஆள் அடையாளம் தெரியாது.

ஓசூரில் இருக்கும் என் அக்கா, “அந்தப் பக்கத்தை இங்கேருந்து பார்க்க முடியுமாடா?” என்று கேட்டாள். 100.64-ஐப் பார்த்த பிறகு அதை முயலவில்லை. எங்கள் வீட்டுக்கு வெளியே நிறுவனத்தின் பி.ஏ.பி.எக்ஸ். இன்னொன்று இருக்கிறது, அதன் ஆபரேட்டர் நான் சொல்வதைக் கேட்கமாட்டார். அக்காவுக்கு இரண்டு கிலோ முள்ளு முறுக்கு என்று நானே மேலே போய்ச் சொன்னேன். கீழே இறங்குவதற்குள் டேப்லெட்டில் அது ஏறியிருந்தது, மனைவி மாவு பிசைந்த கையின் பின்பக்கத்தால் திரையைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 192.168.1.50 என்று கொட்டை எழுத்தில் எழுதிய சீட்டு பெருங்காய டப்பாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.